ஒரு தலைமுறை கழித்துத் தெரியும் கணக்கு

ஏழை வீட்டுக்கு அரசு பணம் கொடுக்கிறது என்றதும் எழுகிற பேச்சு எல்லா ஊரிலும் ஒன்றுதான். “உழைக்கிறவனையும் சோம்பேறி ஆக்கிவிடுவார்கள், கொடுத்ததெல்லாம் குடிக்குத்தான் போகும்” என்பார்கள். இதை வெறும் பேச்சாக விட்டுவிடாமல் சோதித்துப் பார்த்த நாடு மெக்சிகோ.

1994 டிசம்பரில் அந்நாட்டு நாணயமான பெசோ சரிந்தது. ஏழைகள் மேலும் நொடித்துப்போனார்கள். சோள ரொட்டிக்கும் பாலுக்கும் அரசு தந்துவந்த மானியத்தில் பெரும்பங்கு நகரங்களோடு நின்றுவிட்டது. மலைக்கிராமத்துப் பூர்வகுடிகளை அது எட்டவில்லை. நிதித்துறையில் துணை அமைச்சராக இருந்த பொருளியலாளர் சாந்தியாகோ லெவி வேறு வழி வகுத்தார். பணத்தை நேராகத் தாயின் கையில் கொடுப்பது, பதிலுக்குப் பிள்ளைகளைத் தவறாமல் பள்ளிக்கு அனுப்பச் சொல்வது, குடும்பத்தினரைச் சுகாதார நிலையத்தில் பரிசோதனைக்கு வரச் சொல்வது என்பதே அந்த வழி.

1997-ல் ‘புரொக்ரேசா’ என்ற பெயரில் திட்டம் பிறந்தது. பள்ளி நாள்களில் 85 சதவீதம் வருகை கட்டாயம். வகுப்பு உயர உயர உதவித்தொகையும் கூடும். நடுநிலை வகுப்புகளில் பெண் பிள்ளைகளுக்குச் சற்று அதிகமாகவே கொடுத்தார்கள், படிப்பை நிறுத்துவது அங்கேதான் அதிகம் என்பதால். 506 கிராமங்களை எடுத்துக்கொண்டு, குலுக்கல் முறையில் 320 கிராமங்களுக்கு முதலில் பணம் கொடுத்தார்கள். மற்றவற்றுக்கு ஒன்றரை ஆண்டு கழித்துத்தான் கிடைத்தது. இரண்டையும் ஒப்பிட்டதில் உண்மை தெரிந்தது.

பணம் எங்கே போனது?

பெரியவர்கள் வேலையைக் குறைத்துக்கொள்ளவில்லை. குழந்தைகள் வேலைக்குப் போவதுதான் குறைந்தது. நடுநிலை வகுப்புகளில் பெண் பிள்ளைகளின் சேர்க்கை 67 சதவீதமாக இருந்தது. அது மேலும் 7 முதல் 9 புள்ளிகள் உயர்ந்தது. கைக்குழந்தைகளின் நோய்நொடி குறைந்தது.

பால் கெர்ட்லரும் அவரது சக ஆய்வாளர்களும் கண்டறிந்தது இன்னும் வியப்பானது. கிடைத்த ஒவ்வொரு பெசோவிலும் முக்கால் பங்குதான் வீட்டுச் செலவுக்குப் போனது. மீதியை ஆடுமாடு, கோழி, நிலம், சிறு வியாபாரம் என்று முதல் போட்டிருந்தார்கள். அன்றாடங்காய்ச்சி என்று நாம் நினைக்கும் குடும்பம், தவறாமல் பணம் வரும் என்ற உறுதி கிடைத்ததும் நாளையைப் பற்றித் திட்டமிடத் தொடங்கிவிடுகிறது.

பிள்ளைகள் பெரியவர்களான பிறகு

இத்திட்டத்தின் உண்மையான பலன் தெரிய வருடங்கள் ஆயின. சூசன் பார்க்கர், டாம் வோகல் என்ற இரு பொருளியலாளர்கள் 2010 மக்கள்தொகைக் கணக்கெடுப்பை வைத்து, சிறு வயதிலேயே திட்டத்தில் சேர்ந்தவர்கள் வளர்ந்து ஆளானபின் எப்படி வாழ்கிறார்கள் என்று ஆராய்ந்தார்கள். அவர்கள் சராசரியாக ஒரு வகுப்புக்கும் மேல் கூடுதலாகப் படித்திருந்தார்கள். பெண்களிடம் மாற்றம் ஆழமாக இருந்தது. சம்பளத்துக்கு வேலை பார்க்கும் பெண்கள் அதிகரித்திருந்தார்கள். குடும்ப வசதியும் உயர்ந்திருந்தது. தாயின் கையில் கொடுத்த பணம் மகளின் வாழ்க்கையைத் திருப்பியிருக்கிறது.

எட்டாத இடங்கள்

குறைகளையும் மறைக்கக் கூடாது. பிள்ளைகள் கூடுதல் காலம் பள்ளியில் இருந்தார்கள், ஆனால் தேர்வுவைத்துப் பார்த்தபோது கற்றலில் தெளிவான முன்னேற்றம் இல்லை. பணம் பிள்ளையை வகுப்பறைவரை கொண்டு சேர்க்கும். உள்ளே நல்ல ஆசிரியர் இருக்க வேண்டியது அரசின் கடமை. கூட்டம், பரிசோதனை, நிபந்தனை என்று முழுச்சுமையும் தாய்மார் தலையில்தான் விழுந்தது என்று மாக்சின் மோலினியூ போன்ற அறிஞர்கள் கண்டித்தார்கள். அது நியாயமான கண்டனம். படித்து முடித்தவர்களுக்கு ஏற்ற வேலையும் போதவில்லை. 2014-ல்கூட அந்நாட்டு மக்களில் 46 சதவீதம் பேர் ஏழைகளாகவே இருந்தார்கள்.

பெயர்கள் மாறி, 60 லட்சத்துக்கும் மேற்பட்ட குடும்பங்களை எட்டிய அந்தத் திட்டம் 2019-ல் கைவிடப்பட்டது. கல்வி உதவித்தொகை புது வடிவில் தொடர்ந்தது. ஆனால், உதவித்தொகையோடு சுகாதாரத்தையும் பிணைத்திருந்த ஏற்பாடு போய்விட்டது. முதல் தலைமுறையின் பலன் தெளிவாகத் தெரியத் தொடங்கிய வேளையில் இப்படி நடந்தது பெரும் இழப்பு.

தமிழ்நாட்டிலும் நிபந்தனை சார்ந்த உதவிகள் உண்டு. டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு நிதியுதவி, பரிசோதனையையும் தடுப்பூசியையும் ஒட்டித் தவணையாக வருகிறது. 2022-ல் தொடங்கிய புதுமைப் பெண் திட்டம், அரசுப் பள்ளியில் படித்துக் கல்லூரிக்குச் செல்லும் மாணவிக்கு மாதம் 1000 ரூபாய் தருகிறது. இவற்றைச் செலவுக் கணக்காலும் தேர்தல் கணக்காலும் மட்டுமே எடைபோடுகிறோம். இன்று உதவி பெறும் பெண்கள் 15 ஆண்டு கழித்து என்ன வேலை பார்க்கிறார்கள், அவர்கள் பிள்ளைகள் எப்படி வளர்கிறார்கள் என்று பின்தொடர்ந்து பதிவுசெய்யும் ஏற்பாட்டை இப்போதே தொடங்க வேண்டும். ஆட்சி மாறினாலும் அந்தக் கணக்கெடுப்பு நிற்கக் கூடாது. ஏழைக் குடும்பம் பொறுமையாகப் பிள்ளையைப் படிக்கவைக்கிறது. அதே பொறுமை அரசுக்கும் வேண்டும்.