மணியோடு கண்ட மாநகர்

கொழும்பு மாநகரைக் கால்நடையாகவே காண வேண்டுமென்னும் ஆசை எனக்கு நெடுநாளாக உண்டு. துணைக்கு வர நண்பர் எவரும் இசைந்திலர். ஒருவர் வெயிலைக் காட்டினார். மற்றவர் முழங்காலைக் காட்டினார். ஈற்றில், ஒரு ஞாயிற்றுக்கிழமை விடியலில் மணியை அழைத்துக்கொண்டு ஒருகொடவத்தையிலிருந்து புறப்பட்டேன். மணி எங்கள் ஒழுங்கையிற் பிறந்த நாய். குலம் கோத்திரம் வினவுவார்க்குச் சொல்ல அதனிடம் ஒன்றுமில்லை.

அதன் பெயருக்கு மட்டும் ஒரு பழங்கதை உண்டு. முன்னாளில் எங்கள் வீட்டிலிருந்த நாயின் பெயர் ரைகர். 1995 ஒக்டோபரிற் கொலன்னாவையிலும் ஒருகொடவத்தையிலும் எண்ணெய்த் தாங்கிகள் புலிகளின் தாக்குதலில் எரிந்தன. வானம் கரும்புகையால் மூடுண்டது. அதன்பின் அந்தப் பெயரைத் தெருவில் நின்று உரக்கக் கூப்பிட எந்தத் தமிழனுக்கு நெஞ்சுரம் இருந்தது? அம்மா அதனை ‘மணி’ என்று மாற்றினார். புதுப்பெயர் பழக நாய்க்கு மூன்று நாள் பிடித்தது; எங்களுக்கு அதனினுங் கூட. அப்பெயரே இன்றளவும் எங்கள் வீட்டு நாய்களுக்கு வழிவழியாக வருகின்றது.

கிராண்ட்பாஸ் வழியே நடந்தோம். களனி கங்கையைக் கடக்கும் பெருந்துறை என்ற பொருளிற் போர்த்துக்கேயர் இட்ட பெயர் அது. 1822இல் ஆங்கிலேயர் இப்பகுதியில் தோணிகளை வரிசையாகப் பிணைத்து அவற்றின்மேற் பாலமிட்டனர். 1895இல் விக்டோரியாப் பாலம் வந்தது; தோணிப் பாலம் கதையாயிற்று. மணிக்கு இதில் ஈடுபாடில்லை. அது மின்கம்பந்தோறும் வேறொரு வரலாற்றை மோந்து வாசித்துக்கொண்டு வந்தது.

ஒழுங்கைக்கு ஒழுங்கை ஊர்நாய்கள் எழுந்து வந்து மறித்தன. மணி வாலைத் தாழ்த்தி அசையாது நின்றது. அவை சுற்றிவந்து மோந்தன. அரை நிமிடத்தில் வழி கிடைத்தது. அடையாள அட்டையும் பொலிஸ் பதிவுத் துண்டும் சட்டைப் பையில் வைத்துத் திரிந்த எனக்கு, இந்த நடைமுறை புதியதாகத் தோன்றவில்லை. அரை நிமிடத்தில் முடிந்ததுதான் புதுமை.

வுல்பெண்டால் மேட்டில் ஒல்லாந்தர் தேவாலயம் நிற்கின்றது. முகப்பில் 1749 என்று பொறித்திருக்கின்றனர். வழிபாட்டுக்குத் திறந்தது 1757இல். ‘ஓநாய்ப் பள்ளத்தாக்கு’ என்பது அப்பெயரின் பொருள். இலங்கைக் காடுகளில் ஓநாய் ஏது? கோட்டை மதிலுக்கு வெளியே, புதர் மண்டிய இவ்விடத்தில் இரவெல்லாம் ஊளையிட்ட நரிகளை ஐரோப்பியர் ஓநாயென்று கொண்டனர். அச்சத்திற் பிறந்த அத்தவறு தெருப்பெயராய் நிலைத்துவிட்டது. படலை சாத்தியிருந்தது. ஓநாயின் உறவினனாகிய மணி அதனருகே படுத்துப் பெருமூச்சு விட்டது.

கொச்சிக்கடையில் அந்தோனியார் கோயில். 2019 ஏப்ரல் 21, உயிர்த்த ஞாயிறன்று குண்டு வெடித்து மக்கள் மாண்ட இடம். மெழுகுதிரி ஏந்திப் பல சமயத்தவரும் போய்க்கொண்டிருந்தனர். நாயுடன் உள்ளே புகலாகாது என்பதறிந்து எதிர்ப்புற நடைபாதையில் நின்றேன். உள்ளே சென்றிருந்தால் திருவுருவைப் பார்த்திருப்பேன். வெளியே நின்றமையால், வருவோர் முகங்களைப் பார்த்தேன்.

அப்பாற் பொன்னம்பலவாணேசுவரர் கோயில். தந்தை பொன்னம்பல முதலியார் எடுப்பித்ததை மைந்தர் பொன்னம்பலம் இராமநாதன் கருங்கல்லாற் புதுக்கினார். வாயிலில் தயங்கினேன். பூ விற்கும் அம்மையார் சிரித்தார்.

“கயிற்றை இஞ்ச தாங்கோ தம்பி. நான் பாக்கிறன். வைரவற்ற வாகனமெல்லோ, அதுக்கென்ன குறை?”

தரிசனம் முடித்து வந்தபோது மணி ஒரு பணிஸை முழுவதும் தின்று முடித்திருந்தது. காசு கொடுத்தேன், அம்மையார் வாங்க மறுத்தார். ஒரு முழம் மல்லிகை வாங்கிக்கொண்டேன்.

செட்டியார் தெருவையும் புறக்கோட்டையையும் வெயிலின் கொடுமையால் விரைந்து கடந்தோம். அவற்றைப் பற்றி எழுத இன்னொரு நாள் வேண்டும்.

ஒருகொடவத்தைக்கு மீண்டபோது பொழுது சாய்ந்துவிட்டது. எங்கள் வீதித் திருப்பத்தில் அக்காலத்தில் மண்மூடைகள் அடுக்கிய சோதனைச் சாவடி ஒன்று இருந்தது. இன்று அங்கே ஒரு கம்பம் மட்டும் நிற்கின்றது. ஆயினும் அவ்விடம் வந்ததும் என் நடை தளர்ந்தது. கை தானாகச் சட்டைப் பையைத் தடவிற்று.

மணி கயிற்றை இழுத்துக்கொண்டு முன்னே சென்றது. கம்பத்தை இருமுறை மோந்து பார்த்தது. பின்னர், எவ்வித அவசரமுமின்றிக் காலைத் தூக்கியது.