உங்களுக்குத் தெரியுமா? மரத்தில் வளைந்தோடும் மெல்லிய ரம்பம்

■ ஜிக்சா புதிரின் தாயகம் லண்டன். 1760களில் ஜான் ஸ்பில்ஸ்பரி வரைபடங்களை மெல்லிய பலகையில் ஒட்டி, நாடுகளின் எல்லை வழியே அறுத்து விற்றார். துண்டுகளைச் சேர்த்துச் சேர்த்துப் பிள்ளைகள் புவியியல் கற்றார்கள். அவர் அறுத்தது கைரம்பத்தால். ‘ஜிக்சா’ என்ற பெயர் பிற்பாடு வந்தது.

■ மெல்லிய பிளேடால் மரத்தை வளைவாக அறுப்பது ஸ்க்ரோல் ரம்பம். மின்சாரம் வருமுன் அதை, தையல் மெஷினைப் போல, காலால் மிதித்தே ஓட்டினார்கள்.

■ 1930களின் பொருளாதாரப் பெருமந்தத்தில் அமெரிக்காவில் வேலையிழந்த கைவினைஞர்கள் பலர் வீட்டிலேயே மரப்புதிர்களை அறுத்து விற்றார்கள். அவை வாடகைக்கும் கிடைத்தன.

■ ஓரத்தைத் தொடாமலே பலகையின் நடுவில் பூ வடிவம் வெட்டலாம். முதலில் சிறு துளை போட வேண்டும். பிளேடின் ஒரு முனையைக் கழற்றி, ஊசியில் நூல் கோப்பதுபோல் துளைக்குள் நுழைத்து, மறுபடி முறுக்கேற்றினால் போதும்.

■ பிளேடின் நீளம் பொதுவாக 5 அங்குலம். பற்கள் கீழ்நோக்கி இருக்க வேண்டும். அப்போதுதான் பலகை மேசையோடு படிந்து நிற்கும். தலைகீழாக மாட்டினால் பலகை துள்ளும்.

■ ஒரே தட்டைப் பலகையிலிருந்து கிண்ணம் செய்யலாம்! மேசையைச் சற்றுச் சாய்த்து வளையம் வளையமாக அறுத்து, ஒன்றன்மேல் ஒன்றாக ஒட்டித் தேய்த்தால் கிண்ணம் தயார்.

■ மரத்தூள் நுரையீரலுக்குக் கேடு. முகக்கவசமும் கண்ணாடியும் அணிந்த பிறகே சுவிட்சைப் போடுங்கள்.