பீரோ நிறைய ஜப்பான் பணம்!

மாசம் இருபதாம் தேதிக்கு மேல் என் பர்ஸைத் திறந்தால் பழைய பஸ் டிக்கெட்தான் இருக்கும். ஆனால் திருவொற்றியூர் வீட்டு பீரோவில் கட்டுக்கட்டாக நூறு ரூபாய் நோட்டுகள் வைத்திருக்கிறேன். வருமான வரிக்காரர்கள் பதற வேண்டாம். அச்சடித்தது ஜப்பான் அரசாங்கம், செலவான இடம் பர்மா, உயிரை விட்ட வருஷம் 1945!

பழைய காசு சேர்ப்பது பணக்காரர் பொழுதுபோக்கு என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். எங்கள் வட சென்னைக்காரனுக்கு அது கூடப் பிறந்தது. 'மின்ட்' போர்டு போட்ட பஸ்ஸில் ஏறாதவன் இங்கே உண்டா? தங்கசாலையில் நிஜமாகவே காசு அடித்தார்கள் ஸார். 1869-ல் இழுத்து மூடினார்கள். காசு போனது, பேர் மட்டும் நிற்கிறது.

வெள்ளைக்காரன் ரூபாய் 11.66 கிராம், சரியாக ஒரு தோலா. அதில் நூற்றுக்கு 91.7 பங்கு சுத்த வெள்ளி. தராசுப் படிக்கல்லுக்குப் பதிலாக ரூபாயையே போட்டு எடை பார்த்த காலம் அது. இரண்டாம் உலகப் போர் வந்ததும் எல்லாம் தலைகீழ். 1940-ல் பிரான்ஸ் விழுந்த செய்தி கேட்டு, ஜனங்கள் நோட்டைக் கொடுத்து வெள்ளி ரூபாயாக வாங்கிப் பதுக்க ஆரம்பித்தார்கள். தேவைக்கு மேல் வைத்திருந்தால் குற்றம் என்று ஜூனில் சர்க்கார் உத்தரவு போட்டது. ஆகஸ்டில் ஒரு ரூபாய்க்கே நோட்டு வந்தது. புது ரூபாயில் வெள்ளி பாதியாகக் குறைந்தது. 1943-ல் இரண்டு ரூபாய் நோட்டும், ஓட்டைக் காலணாவும் வந்தன. செம்பை மிச்சம் பிடிக்க நடுவில் ஓட்டை போட்டார்கள். குழந்தையின் அரைஞாணில் கோக்கத் தோதாகப் போயிற்று!

என் ஜப்பான் கட்டு வந்த கதைக்கு வருகிறேன். எங்கள் தெருவில் ஒரு பாட்டி, 1964-ல் ரங்கூனிலிருந்து கப்பலில் வந்து இறங்கியபோது சிறுமி. பழைய டிரங்குப் பெட்டியில் அப்பா விட்டுப்போன நோட்டுக் கட்டும், மூன்று வெள்ளிக் காசும்.

"தம்பி, இது லட்சக்கணக்குல போவுதாம். போன்ல ஒரு ஆளு வாங்கிக்கறேன்றான். கமிஷன் மட்டும் முன்னாடி கட்டணுமாம். பேரன் நகையை வைக்கப் போறான்" என்றார்.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. பழைய நோட்டு வாங்குவதாகத் தன் பெயரைச் சொல்லிக் கமிஷன் கேட்கும் ஆட்களை நம்பாதீர்கள் என்று ரிசர்வ் வங்கியே 2021-ல் எச்சரித்திருக்கிறது. பேரனை உட்கார வைத்து நோட்டைக் காட்டினேன். "இதோ பார், மூலையில 'பி' எழுத்து. பர்மாவுக்குன்னு அர்த்தம். மலேயாவுக்கு 'எம்'. ஒவ்வொரு நோட்டுக்கும் வரிசை நம்பர்கூடக் கிடையாது. அவ்வளவு அடிச்சுத் தள்ளியிருக்கான். இதுக்கா லட்சம்?"

பையன் முகம் சுருங்கிவிட்டது. பாட்டிதான் பேசினார். "வெள்ளைக்காரன் திரும்பி வந்தப்ப ஜப்பான் நோட்டெல்லாம் குப்பைன்னுட்டான். நம்ம அப்பா மறுபடி கடை வெச்சு சம்பாரிச்சாரு. அறுபத்து நாலுல அம்பது, நூறு கியாட் நோட்டு செல்லாதுன்னாங்க. ரெண்டு தடவை தம்பி, ரெண்டு தடவை!"

வெள்ளிக் காசுகளைத் தராசில் வைத்தேன். மூன்றும் ஐந்தாம் ஜார்ஜ். அபூர்வமில்லைதான். ஆனால் ஒவ்வொன்றிலும் பத்தரை கிராமுக்கு மேல் சுத்த வெள்ளி. அன்றைய வெள்ளி விலையைக் கணக்குப் போட்டுச் சொன்னேன். நோட்டுக் கட்டைச் சேகரிப்பவர்கள் தரும் நியாயமான விலைக்கு நானே எடுத்துக்கொண்டேன்.

"காயிதம் உன்கிட்ட இருக்கட்டும். வெள்ளிய நான் குடுக்க மாட்டேன்" என்று பாட்டி பெட்டியைப் பூட்டினார். பேரன் நகை, அடகுக் கடை வாசலை மிதிக்கவில்லை.

இதைப் படித்துவிட்டு நீங்களும் பரணைக் குடையப் போகிறீர்கள் என்று தெரியும். தயவுசெய்து காசைப் புளி போட்டு விளக்காதீர்கள். பளபளப்பு வரும், விலை போய்விடும். 1939-ஆம் வருஷ ரூபாயை யாராவது நீட்டினால் ஜாக்கிரதை. நிஜம் மிக அபூர்வம், அதனால் போலி ஏராளம். நூறு வருஷம் தாண்டிய காசை வெளிநாட்டு மச்சானுக்குப் பரிசாக அனுப்பவும் கூடாது, 1972-ஆம் வருஷச் சட்டம் குறுக்கே நிற்கும்.

ஒரே ஒரு வருஷத்தை மட்டும் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்: 1911. அந்த ரூபாயில் ராஜாவின் அங்கியில் இருக்கும் யானை, தும்பிக்கை குட்டையாகிப் பன்றி மாதிரி தெரிந்தது. ஜனங்கள் கொதித்துப்போக, சர்க்கார் அதைத் திரும்ப வாங்கிவிட்டு அடுத்த வருஷம் தும்பிக்கையை ஒழுங்காகப் போட்டது. அந்தப் 'பன்றி ரூபாய்' உங்கள் பாட்டியின் சுருக்குப் பையில் இருந்தால், துடைக்காமல் அப்படியே தேரடிக்கு எடுத்து வாருங்கள். டீ என் செலவு.