பாவர்ட்டி பாயிண்ட், லூசியானா: கூடை மண்ணில் எழுந்த மேடு

உங்கள் எதிரே நிற்கும் 72 அடி உயர மேடு இயற்கைக் குன்று அல்ல. 3,000 ஆண்டுகளுக்கும் முன் மக்கள் கூடை கூடையாக மண் சுமந்து கொட்டி எழுப்பியது. இழுக்க மாடில்லை, வண்டியில்லை. உள்ளே மழை அரித்த தடம் காணாததால், சில மாதங்களிலேயே கட்டி முடித்திருப்பார்கள் என்கிறார்கள் ஆய்வாளர்கள். கட்டியவர்கள் உழவர்களும் அல்லர். மீன் பிடித்து, வேட்டையாடி, கொட்டைகளும் கனிகளும் சேகரித்து வாழ்ந்தவர்கள். அதுதான் பெரிய வியப்பு.

இந்த மண்ணில் கல் கிடையாது. கருவிகளுக்கான கல் நூற்றுக்கணக்கான மைல் தொலைவிலிருந்து வந்தது. சமையலுக்கு மண்ணே கைகொடுத்தது: உள்ளங்கையில் அடங்கும் களிமண் உருண்டைகளைப் பிசைந்து, நெருப்பில் காய்ச்சி, குழியடுப்பில் இட்டு அந்தச் சூட்டில் உணவை வேகவைத்தார்கள். பிசைந்தவரின் விரல் அழுத்திய பள்ளம் சில உருண்டைகளில் இன்றும் அப்படியே இருக்கிறது. அருங்காட்சியகத்தில் அவற்றை அவசியம் பாருங்கள்.

மேட்டுக்குக் கிழக்கே ஒன்றினுள் ஒன்றாக ஆறு அரைவட்ட வரப்புகள். தரையில் நின்றால் எளிதில் பிடிபடாது. 1950-களில் வான்வழிப் படங்களைப் பார்த்தபோதுதான் முழு வடிவமும் புரிந்தது.

2014 முதல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியச் சின்னம். ஆனாலும் இங்கே நெரிசல் இல்லை. பொறுமையாக உச்சிவரை ஏறுங்கள். வரப்புகளைக் கிழக்கே பார்க்கலாம்.