லொதாருக்குப் பேச்சு வந்த கதை

மந்திரவாதி மாண்ட்ரேக்கை மறந்த பழைய காமிக்ஸ் வாசகர் இருக்க முடியாது. அவர் பக்கத்தில் நிற்கும் கறுத்த பலசாலி லொதாரையும் அப்படியே. 1964-ல் டைம்ஸ் ஆப் இந்தியா நிறுவனம் தொடங்கிய இந்திரஜால் காமிக்ஸ், இந்த இருவரையும் இந்தியாவெங்கும் கொண்டு சென்றது. 1990-ல் அது நின்றுபோன பின்பும், தலைநகரில் தரியாகஞ்ச் ஞாயிற்றுக்கிழமைப் பழைய புத்தகக் கடைகளில் அதன் இதழ்களைத் தேடுவோர் உண்டு. அந்தச் சந்தை 2019-ல் ஆசப் அலி சாலை மகிளா ஹாட்டுக்கு இடம் மாறியது.

லொதார் யார்? கதைப்படி ஏழு ஆப்பிரிக்க நாடுகளின் இளவரசர். ஆனால் 1934-ல் லீ பாக் அவரை அறிமுகம் செய்தபோது, உடம்பில் சிறுத்தைத் தோல், தலையில் துருக்கிக் குல்லாய், வாயில் அரைகுறை ஆங்கிலம்! மாண்ட்ரேக் அவருக்கு 'எஜமானர்'. யோசிப்பது எஜமானர், அடித்து நொறுக்குவது லொதார். பட்டம் இளவரசர், பார்ப்பதோ ஏவலாள் வேலை.

அமெரிக்காவில் கறுப்பர்களின் உரிமைப் போராட்டம் உச்சத்தில் இருந்த 1965-ல், ஓவியர் பிரெட் பிரெடரிக்ஸ் படம் வரையும் பொறுப்பை ஏற்றார். சிறுத்தைத் தோல் போயிற்று. லொதார் ஒழுங்காகப் பேசத் தொடங்கினார். மறு ஆண்டு, 1966 ஜூலையில், ஸ்டான் லீ, ஜாக் கிர்பி இருவரும் 'பிளாக் பாந்தரை'ப் படைத்தனர். இவர் யாருக்கும் துணையாள் அல்ல. வாகாண்டா நாட்டின் அரசர், விஞ்ஞானி. 2018-ல் வந்த அவருடைய திரைப்படம் உலகெங்கும் 130 கோடி டாலருக்கு மேல் வசூலித்தது.

ஆனால் எல்லாம் மாறிவிடவில்லை. 1972-ல் தனி இதழ் கண்ட கறுப்பு வீரர் லூக் கேஜ், செய்யாத குற்றத்துக்குச் சிறை சென்றுதான் சக்தி பெறுகிறார். நம் பிள்ளைகளுக்குப் பிடித்த முகமூடி வேதாளர் கதையிலோ, ஆப்பிரிக்கக் காட்டைத் தலைமுறை தலைமுறையாகக் காப்பவர் ஒரு வெள்ளைக்காரர்!

'படக்கதைதானே' என்று தள்ளிவிடலாமா? 2016 மே மாதம் தில்லி வசந்த் குஞ்சில், ஆட்டோ பிடிப்பதில் எழுந்த தகராறில் காங்கோ நாட்டவர் ஒருவர் அடித்தே கொல்லப்பட்டார். இந்தியரிடம் நிறவெறி உண்டா என்ற விவாதத்தில், 2017-ல் முன்னாள் எம்.பி. தருண் விஜய், தென்னாட்டாரோடு நாங்கள் வாழவில்லையா என்ற பொருளில் பேசிவிட்டுப் பிறகு மன்னிப்புக் கேட்டார். அந்தப் பேச்சில் 'நாங்கள்' என்பதற்குள் தமிழர் இல்லை என்பதைக் கவனிக்க வேண்டும்.

'காலா', 'மதராசி' என்ற சொற்கள் தில்லித் தமிழருக்குப் புதியவை அல்ல. அவை சுடும் என்று தெரிந்த வீட்டிலேயே, பஸ்ஸில் ஆப்பிரிக்க மாணவர் பக்கத்தில் உட்காரத் தயங்குவோரும் உண்டு. பெண் பார்க்கப் போனால் முதல் கேள்வி, 'நிறம் எப்படி?'

லொதாருக்குப் பேச்சு வர முப்பது ஆண்டுகளுக்கு மேல் ஆயிற்று. பிள்ளைகளுக்குப் படக்கதை வாங்கும் பெற்றோர், 'இதில் யோசிப்பவர் யார், மூட்டை சுமப்பவர் யார்?' என்று ஒரு கேள்வி கேட்டுப் பார்க்கட்டும். விடையைப் பிள்ளைகளே சொல்லிவிடுவார்கள்.