பாறையும் ஏரி மண்ணும்: பூகம்ப அபாயத்தைக் கணிக்கும் முறை

பெங்களூர் ஆஸ்டின் டவுனுக்கு அண்மையிலுள்ள அக்கித்திம்மனஹள்ளி ஹாக்கி அரங்கும் அசோக்நகர் கால்பந்தாட்ட அரங்கும் முன்னாளில் ஏரிகளாய் இருந்தவை. இவ்வாறே நகரின் பல ஏரிகள் தூர்க்கப்பட்டு, அவற்றின்மீது கட்டடங்கள் எழுந்துள்ளன. பூகம்ப அபாயத்தை மதிப்பிடும் விஞ்ஞானிகள் இத்தகைய இடங்களில் தனிக் கவனம் செலுத்துகின்றனர். அதன் காரணம் யாது?

பூமிக்குள் பாறைப் பிளவொன்றின் இரு பக்கங்களும் திடீரென நகர்வதே பூகம்பத்தின் பிறப்பு. நகர்ந்த பரப்பு, நகர்ந்த தூரம், பாறையின் விறைப்பு ஆகிய மூன்றையும் பெருக்கி அதன் வலிமையைக் கணக்கிடலாம். 1897-ஆம் ஆண்டு அஸ்ஸாம் பூகம்பத்தில், செட்ராங் பிளவின் ஒரு பக்கம் சுமார் 10 மீட்டர் வரை உயர்ந்திருப்பதை ஆர். டி. ஓல்டாம் கண்டறிந்தார். ஆனால் தக்காணத்தில் பிளவுகள் இவ்வளவு தெளிவாகப் புலப்படுவதில்லை. 1993-ஆம் ஆண்டு செப்டம்பர் 30-ஆம் நாள் ஆயிரக்கணக்கானோரைப் பலிகொண்ட லாத்தூர்ப் பகுதி, அந்நாளைய வரைபடத்தில் மிகக் குறைந்த அபாய மண்டலத்திலேயே இருந்தது.

பெங்களூரில் வலிய அதிர்ச்சி எதுவும் கருவிகளில் பதிவானதில்லை. ஆகவே, இந்திய விஞ்ஞானக் கழகத்தைச் சேர்ந்த சீதாராம், அன்பழகன் ஆகியோர் நகரைச் சுற்றி 350 கிலோமீட்டருக்குள் உள்ள பிளவுகளையும் பழைய பூகம்பங்களையும் தொகுத்தனர். மாண்டியா–சென்னபட்டணா–பெங்களூர்க் கோட்டில் 5.1 அளவுள்ள பூகம்பம் நேரின் என்னாகும் எனக் கணித்தனர். பாறை மட்டத்தில் அதிர்ச்சியின் உச்ச முடுக்கம் புவியீர்ப்பு முடுக்கத்தில் சுமார் 15 சதவீதம் என்பது 2007-இல் வெளியான அவர்களின் முடிவு.

பாறையில் விரைந்து வரும் அலை, மென்மையான மண்ணில் வேகம் குறைந்து வீச்சில் பெருகும். 10 மீட்டர் கனமுள்ள மண்ணில் அலை வினாடிக்கு 200 மீட்டர் செல்வதாகக் கொள்வோம். கனத்தின் நான்கு மடங்கான 40-ஐ 200-ஆல் வகுத்தால் 0.2 வினாடி வரும். அம்மண்ணின் இயல்பான ஆட்டக்காலம் அதுவே. இரண்டு அடுக்குக் கட்டடம் ஒருமுறை ஆடி மீளும் காலமும் ஏறக்குறைய இதுவே. ஊஞ்சலை அதன் போக்கறிந்து தள்ளினாற்போல ஆட்டம் மிகும். ஆழ்ந்த வண்டல் உயர்ந்த கட்டடங்களை அசைக்கும். 2001-ஆம் ஆண்டு குஜராத் பூகம்பத்தில், மையத்திலிருந்து 200 கிலோமீட்டருக்கும் அப்பாலுள்ள அகமதாபாத்தில் அடுக்கு மாடிகள் இடிந்தமைக்குக் கட்டுமானக் குறைகளோடு சபர்மதி வண்டலும் காரணமாயிற்று.

எனவே ஒரே நகரத்தில், ஒரே பூகம்பத்தில், இரு தெருக்கள் இருவேறு அதிர்ச்சியை அடையலாம். இவ்வேறுபாட்டை அறியக் களப் பணியாளரும் ஆசிரியரும் பெரிதும் உதவலாம். பழைய ஏரிக்கரையும் மதகும் எங்கிருந்தன, கிணறு தோண்டியபோது எத்தனை அடியில் பாறை தட்டிற்று என்பவற்றை முதியோரிடம் கேட்டு, ஊர்ப்படத்தில் குறித்து வைக்கலாம். தம் பள்ளி ஏரி மண்ணின்மீது நிற்பதாகத் தெரிந்தால், அதன் அடித்தளத்தையும் தூண்களையும் பொறியாளர் முதலில் சோதிக்குமாறு கோரலாம்.