மாற்ற வேண்டியது கடையின் எண்ணெயை

சிங்கப்பூரின் சாங்கி வில்லேஜ் உணவங்காடியில் பேர் பெற்ற உணவு நாசி லெமாக். தேங்காய்ப் பாலில் வெந்த சோறு, பொரித்த கோழி இறக்கை, நெத்திலி, வேர்க்கடலை, எண்ணெய் மினுங்கும் சம்பல். சாப்பிடுபவர் கோழித் தோலை உரித்து வைக்கலாம், சம்பலை ஒதுக்கலாம். சோற்றில் ஊறிய தேங்காய்ப் பாலையும் சட்டியில் ஊற்றிய எண்ணெயையும் என்ன செய்வார்? தேக்காவின் மீன் தலைக் கறிக்கும் இதே கதைதான். கொழுப்பைக் குறைக்கச் சொல்லி வாடிக்கையாளருக்கே ஓயாமல் புத்தி சொல்வது அதனால்தான் பாதி வேலை. பாமாயிலில் ஏறக்குறைய பாதி நிறைவுற்ற கொழுப்பு. கனோலா எண்ணெயில் அது பத்தில் ஒரு பங்குகூட இல்லை. எதை வாங்குவது என்பது கடைக்காரர் கையில் இருக்கிறது. சுகாதார மேம்பாட்டு வாரியம் 2011இல் உணவங்காடிகளுக்கு நிறைவுற்ற கொழுப்பு குறைந்த கலப்பு எண்ணெயைக் கொண்டுபோனது சரியான பாதை. 1987இல் மொரிஷியஸ் அரசு, மக்கள் வாங்கும் சமையல் எண்ணெயில் பாமாயிலைக் குறைத்துச் சோயா எண்ணெயைப் பெருக்கியது. வேறு நலப் பிரசாரங்களும் கூடவே நடந்தன என்றாலும், ஐந்தாண்டில் மக்களின் சராசரிக் கொலஸ்ட்ரால் சுமார் 15 விழுக்காடு இறங்கியது.

ருசி போய்விடும் என்பார்கள். தேங்காய்ப் பாலை அடியோடு எடுத்தால் போகத்தான் செய்யும். ஆனால் பாதியைக் குறைத்து, அந்த இடத்தில் கொழுப்பு குறைந்த பாலை ஊற்றி, பாண்டான் இலையையும் இஞ்சியையும் தாராளமாகப் போட்டால் சோறு மணக்கும். முன்னோர் தேங்காய் தின்று நன்றாகத்தானே இருந்தார்கள் என்ற கேள்விக்கும் பதில் உண்டு: அவர்கள் உடல் உழைத்தார்கள், பொரித்ததை அன்றாடம் வெளியில் வாங்கித் தின்னவில்லை. எந்த எண்ணெயானாலும் கிராமுக்கு 9 கலோரிதானே என்பது மட்டும் முழு நியாயமான ஆட்சேபம். எண்ணெயை மாற்றுவது இதயத்துக்கு நல்லது, இடுப்புச் சுற்றளவு அதனால் குறையாது. அளவும் குறைய வேண்டும். குறைந்த இடத்தைச் சர்க்கரையும் வெள்ளைச் சோறும் பிடித்துக்கொண்டால் பயனில்லை.

மிஞ்சுவது விலை. பாமாயில் மலிவு, பொரிக்கும் சூட்டையும் தாங்கும். மெல்லிய லாபத்தில் ஓடும் கடைக்காரரைத் தனியாகச் சுமக்கச் சொல்வது அநியாயம். இதயத்துக்குக் கெடுதலான பகுதி ஹைட்ரஜனேற்றிய எண்ணெயை 2021 ஜூனில் சிங்கப்பூர் தடை செய்தபோது, விதி எல்லாருக்கும் ஒன்றாக இருந்தது. பொட்டலமிட்ட சமையல் எண்ணெய்க்கு 2027 நடுவில் நியூட்ரி-கிரேட் தரக்குறியீடு வரவிருக்கிறது. அதற்குக் காத்திராமல், உணவங்காடிகளை நடத்துவோர் நல்ல எண்ணெயை மொத்தமாக வாங்கி, பாமாயில் விலைக்கே கடைகளுக்குக் கொடுக்க முன்வர வேண்டும்.